வார்தீஸின் வயிறும் மூன்று தந்திகளும்

ஊர்ச் சதுக்கத்தில், ஒரு கல்யாணத்தில், நூறு பேர் தோளோடு தோள் கோத்துக் குதித்துக்கொண்டிருந்த நேரத்தில் மூன்று தந்தி லிராவின் இசை நின்றுபோனது. வாசித்துக்கொண்டிருந்த வார்தீஸ் வில்லை நாற்காலியில் போட்டுவிட்டு, மேடையின் பின்படிகளில் இறங்கி ஓடினான். பக்கத்தில் லவுத்தோ என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டிக்கொண்டிருந்த சிஃபீஸும் திகைத்துக் கையை எடுத்துவிட்டான். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வட்டம் முழுக்கத் தடுமாறியது. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் ராக்கிச் சாராயக் கோப்பையை உயர்த்தி, அந்த இடத்திலேயே ஒரு ஈரடிப் பாட்டை எடுத்துவிட்டார்.

"ஆட்டம் நடுவுல ஆளக் காணோம், லிராக்காரன்
ஓட்டம் பிடிச்சான், தோட்டப் பக்கம் தேடிப் பாரு!"

க்ரீட் தீவின் அமாரிப் பள்ளத்தாக்கில் ஒரு ஈரடி பிறந்தால் மறுநாள் காலைக்குள் அது எல்லாக் காப்பிக் கடைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இதுவும் போய்ச் சேர்ந்தது. வார்தீஸ் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் வியர்த்துக் குனிந்து உட்கார்ந்திருந்தபோதே அந்தச் சிரிப்பு அவன் காதில் விழுந்தது. அன்றோடு கல்யாணங்களுக்கு வாசிப்பதில்லை என்று முடிவு செய்தான்.

ஆறு வருடமாக இந்த அவஸ்தை. சாப்பிட்ட கால் மணியில் வயிறு பானைபோல் உப்பும், பிறகு முறுக்கும், பிறகு ஓடவேண்டும். சில வாரம் அதுவுமில்லாமல் கல்லாக அடைத்துக்கொள்ளும். ரெத்திம்னோ, ஹெராக்லியோன் நகர ஆஸ்பத்திரிகளில் இரண்டு முறை குழாய் விட்டுப் பார்த்தார்கள். ரத்தம், படம் எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் சுத்தம். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் அவனுக்கு வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது. ஒன்றுமில்லாததற்கா ஒரு மனிதன் மேடையை விட்டு ஓடுவான்?

அவன் மனைவி ஆர்க்கிரோதான் பிடித்து இழுக்காத குறையாக ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே எவாந்தியா என்று ஒரு டாக்டர் வந்து எட்டு மாதமாகியிருந்தது. ஐம்பது வயது இருக்கும். குட்டைமுடி, சேறு படிந்த செருப்பு. வார்தீஸ் நீட்டிய மருத்துவச் சீட்டுகளை ஒரு பக்கம் விடாமல் படித்தாள். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள், அவள் அவசரப்படவில்லை.

"ஒண்ணுமில்லேன்னு நான் சொல்லமாட்டேன்," என்றாள். "புண்ணு இல்ல, கட்டி இல்ல. அது நல்ல சேதி. ஆனா குடலும் மூளையும் ஒண்ணுக்கொண்ணு தப்புத் தப்பா சேதி சொல்லிக்குது. சின்ன அசைவக்கூட உங்க குடல் கூச்சல் போட்டுச் சொல்லுது. வலி நிஜம். நீங்க நடிக்கல."

வார்தீஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண் கலங்கியதை ஆர்க்கிரோ பார்த்துவிட்டாள். பார்க்காததுபோல் கைப்பையைக் குடைந்தாள்.

"என்ன சாப்பிடறீங்க?"

"நான் க்ரீட்காரன், டாக்டரம்மா. ஆலிவ் எண்ணெயிலதான் பொறந்தேன். உலகமே எங்க சாப்பாட்டப் பாத்துக் காப்பியடிக்குது."

"அப்ப ரெண்டு வாரம் எழுதிட்டு வாங்க. வாயில போட்டது ஒண்ணு விடாம. எந்த நேரம், உக்காந்தா, நின்னா, வண்டி ஓட்டிக்கிட்டேவான்னும் எழுதுங்க."

எழுதிக்கொண்டு வந்தான். காலையில் வெறும் வயிற்றில் காப்பி, சிகரெட். பத்து மணிக்குப் பெட்ரோல் பங்கில் சீஸ் வடிந்த பொட்டலப் பணியாரம். மதியம் வண்டியிலேயே சிப்ஸ், ஒரு பெரிய பாட்டில் கோலா. ராத்திரி பன்றி வறுவல் ஒரு குவியல். எவாந்தியா கடைசிவரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதுல க்ரீட் எங்க இருக்கு, வார்தீஸ்? பல் குத்தற குச்சியிலயா?"

ஆர்க்கிரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "நல்லாக் கேளுங்க டாக்டர்! வீட்ல எண்ணெய் டின் டின்னா கெடக்கு. இவரு வயித்துக்குள்ள ஒரு சொட்டு போறதில்ல. இவரு எண்ணெய் ஊத்தற எடம் வண்டி இஞ்சின் ஒண்ணுதான்!"

டாக்டர் சொன்னது புதுசாக ஒன்றுமில்லை. அவன் தகப்பன் தின்றதுதான். கீரை, பயறு, மீன், பழம், எண்ணெய், உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. ஆர்க்கிரோ வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். திங்கள் கொண்டைக்கடலை, செவ்வாய் பெரிய அவரை, புதன் வெங்காயம் குவித்த பருப்புக் கூழ். வியாழன் அன்று வார்தீஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்காமல் டாக்டர் அறைக்குள் புகுந்தான்.

"என்னைக் கொல்லப் பாத்தீங்களா? என் வயித்துக்குள்ள ஒரு ஊரே சண்டை போடுது!"

வேறு டாக்டராக இருந்தால் வெளியே போ என்றிருப்பார். எவாந்தியா உள்ளே இருந்த நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டாள், பிறகு வார்தீஸிடமும்.

"என் தப்பு. ஆரோக்கியமான ஆளுக்குச் சொல்றத உங்களுக்கும் சொல்லிட்டேன். உங்க மாதிரிக் குடலுக்குப் பயறும் வெங்காயமும் பூண்டும் ஒரேயடியாப் போனா காத்துப் பிடிச்சுக்கும். மொதல்லயே சொல்லியிருக்கணும். மறுபடி ஆரம்பிப்போமா?"

வார்தீஸ் அடுத்த வசவை வாயில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் ஆயுசில் ஒரு டாக்டர் "என் தப்பு" என்று சொல்லிக் கேட்டதில்லை. வசவை விழுங்கிவிட்டு உட்கார்ந்தான்.

இந்த முறை இருவரும் அளந்து அளந்து போனார்கள். வெங்காயம், பூண்டு கொஞ்ச நாளைக்கு நிறுத்தம். மலைக்கீரையை வேகவைத்து, எலுமிச்சையும் எண்ணெயும் விட்டு ஒரு கை அளவு. வேகவைத்த உருளை, சுரைப்பிஞ்சு, முட்டை, சாதம், வாரம் மூன்று நாள் மீன், ஆரஞ்சு. பயறு என்றால் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி வேகவைத்து, இரண்டே கரண்டி. அது ஒத்துக்கொண்டால் மூன்று. கோலா கிடையாது. வண்டியில் சாப்பாடு கிடையாது. சாப்பிட்டபின் ஆலிவ் தோப்பில் அரை மணி நடை. வலி எட்டிப் பார்க்கும்போது வயிற்றால் மெல்ல மூச்சு விடுவதையும் கற்றுக்கொடுத்தாள்.

"எல்லாருக்கும் கேக்கும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன்," என்று கணக்காகச் சொல்லியும் வைத்தாள். "கொறையலாம். போகாமலும் இருக்கலாம். எது வந்தாலும் பன்னண்டு வாரம் என்கூட இருங்க."

குறைந்தது. வாரத்தில் ஆறு கெட்ட நாள் என்றிருந்தது நான்காகி, இரண்டாகியது. முழுசாகப் போகவில்லை. ஆனால் பல வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, தட்டைக் காலி செய்துவிட்டு, அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான். "உன் பேச்சு இவ்ளோ அறுவைன்னு மறந்தே போச்சு மனுஷா" என்றாள் ஆர்க்கிரோ. ஆனாலும் அவள் எழுந்துபோகவில்லை.

அப்போதுதான் சிஃபீஸ் வந்தான். இருபது வருடக் கூட்டாளி. அவன் மகளுக்குக் கல்யாணம்.

"மச்சான், என் பொண்ணு கல்யாணத்துக்கு வேற எவன் லிராவும் வேணாம்."

"மறுபடி எந்திருச்சு ஓடினா?"

"ஓடு. நான் வாசிச்சிட்டிருக்கேன். அன்னிக்கு நான் கைய எடுத்தது என் தப்பு."

வார்தீஸ் மூன்று நாள் யோசித்தான். நாலாம் நாள் டாக்டரிடம் போய்க் கேட்டான்.

"மறைக்கறதுக்குப் படற பாடு இருக்கே, அதுவே பாதி வலி," என்றாள் எவாந்தியா. "மறைக்காம இருந்து பாருங்களேன்."

கல்யாணம் ஒரு சனிக்கிழமை மதியம். கோயில் சடங்கு முடிந்ததும் மேசை மேசையாக ஆட்டுக்கறி வந்தது. மேடையில் வார்தீஸுக்கு எதிரே ஆர்க்கிரோ கீரையும் சுட்ட மீனும் வைத்த கிண்ணத்தை வைத்தாள். க்ரீட்டில் கல்யாண வீட்டுக் கறியைத் தொடாமலிருப்பது சம்பந்தியை அடிப்பதற்குச் சமம். முன்மேசையில் ஒரு குரல், "என்னப்பா, ஆட்டுக்குப் போடறத நீ தின்னுட்டு, ஆட்ட எங்களுக்குத் தர்றியா?" என்றது. சதுக்கம் சிரித்தது.

வார்தீஸ் லிராவை முழங்காலில் நிறுத்தினான். ஒலிவாங்கியை வாய்க்கு இழுத்து, வில்லைத் தந்தியில் ஒருமுறை இழுத்துவிட்டுப் பாடினான்.

"வயிறு சொன்னா எழுந்திருப்பேன், வெக்கமில்லை எனக்கு;
கயிறாக் கைய கோத்து ஆடுங்க, காலு நிக்க வேணாம் உங்களுக்கு!"

ஒரு கிழவர் மேசையில் ஓங்கித் தட்டினார். அடுத்த மேசை தட்டியது. சதுக்கம் முழுக்கத் தட்டியது. மணப்பெண் முதல் ஆளாக எழுந்து வட்டத்துக்கு வந்தாள்.

மூன்று மணி நேரம் ஒன்றுமில்லை. நாலாம் மணியில், ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது, அடிவயிற்றில் அந்தப் பழைய முறுக்கு வந்தது. வார்தீஸ் மூச்சு விட்டுப் பார்த்தான். முறுக்கு அடங்கவில்லை. சிஃபீஸைப் பார்த்துத் தலையசைத்தான். வில்லைக் கீழே வைத்தான், ஓடவில்லை, நடந்தான். பின்னால் லவுத்தோ இன்னும் பலமாக ஒலித்தது. லிரா இல்லாத இடத்தை மேசைகளில் இருந்த நூறு ஜோடிக் கைகள் தாளம் போட்டு நிரப்பின. திரும்பி வந்து வில்லை எடுத்தபோது ஆட்டம் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய மரியாதையை அவனுக்கு யாரும் செய்ததில்லை.

பொழுது சாயும்வரை வாசித்தான். இப்படி ஒரு வாசிப்பு தாங்கள் கேட்டதில்லை என்று அமாரியில் இன்றும் சொல்கிறார்கள்.

அடுத்த செவ்வாய் ஒரு பை ஆரஞ்சோடு சுகாதார நிலையத்துக்குப் போனான். காத்திருக்கும் அறையில் கல்யாணத்துக்கு வந்திருந்த இரண்டு மீசைக்காரர்கள், தங்கள் பெரிய பூட்ஸுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன, எந்த வேலையா வந்தீங்க?" என்றான் வார்தீஸ்.

"முழங்கால் வலி," என்றார் ஒருவர்.

மற்றவர் கதவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒம்போது வருஷமா, தம்பி," என்றார். "அந்தம்மா திட்டுமா?"

"காது குடுத்துக் கேக்கும்," என்றான் வார்தீஸ். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தான்.