பால்கனியில் நிற்க ஒரு காரணம்

காலை ஆறரைக்குப் பக்கத்து வீட்டு பால்கனிக் கதவு திறந்தது. குன்னெல் காபிக் கோப்பையோடு தன் கதவருகே வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். இந்த ஜனவரி வரை, ஒன்பது வருஷமாக, இதே நேரத்தில் அவளும் வெளியே போய் சிகரெட் பற்றவைப்பாள். நடுவில் ஒரு மரத்தடுப்பு, அதற்கு அப்பால் ஆர்வோ. மனைவியை இழந்தவர், தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு சிகரெட் எரியும் நேரம் பேசுவார்கள். வடகோடிப் பனி ஊரான இந்த ஹாபரந்தாவில் அவள் மனம்விட்டுப் பேசியது அவரிடம் மட்டும்தான்.

ஜனவரியில் டாக்டர் நுரையீரல் படத்தைக் காட்டிய பிறகு சிகரெட்டை விட்டாள். இப்போது மேலுதட்டுக்கு அடியில் விரல்நகம் அளவு, புதினா போட்ட ஒரு வெள்ளை நிக்கோட்டின் பொட்டலம். புகை இல்லை, சாம்பல் இல்லை, வெளியே போக ஒரு காரணமும் இல்லை. இந்த ஊரில் காரணமில்லாமல் ஒருத்தர் அருகில் போய் நிற்பது, அழைக்காத வீட்டுக்குள் நுழைவதைப் போல. நாலு மாதமாக அவர் இருமலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் காபி மணத்தது. புகையில் மரத்துப்போன மூக்குக்கு, முப்பது வருஷத்துக்குப் பிறகு! கோப்பையை இறக்கி வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஈரக் கம்பளிக் கையுறை, லிஃப்டில் யாரோ உரித்த ஆரஞ்சு. உலகம் ஒவ்வொன்றாக அவளிடம் வந்து சேர்ந்தது. கதவிடுக்கில் கசியும் ஆர்வோவின் புகையைக்கூட ஆசையாக இழுத்துக்கொள்வாள்.

இன்று அது வரவில்லை. இருமலும் இல்லை. யோசித்தால், ஒரு வாரமாகவே இல்லை. கதவு திறந்தும் ஆள் அரவமே இல்லையே என்று, வெறுங்காலோடு வெளியே ஓடித் தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

ஆர்வோ சும்மா நின்றிருந்தார். மேலுதடு ஒரு பக்கம் புடைத்திருந்தது.

"என்ன, தேனீ கொட்டிடுச்சா?"

"புகையிலைப் பொட்டலம். நல்ல பழுப்பு. உங்க புதினா வாசம் இங்கவரைக்கும் அடிக்குது. அதென்ன, பல்பொடியா?"

"சிகரெட்டை விட்டுட்டு இங்க எதுக்கு நிக்கிறீங்க?"

அவர் தடுப்பின் பலகையைத் தடவினார். "நீங்க வந்தாலும் வருவீங்கன்னுதான்."

அவள் தடுப்பின் மேல் சாய்ந்துகொண்டாள். அப்போது காற்றில் ஒரு வாசம் வந்தது. கறுப்பாக, சேறாக, குளிராக.

"ஆர்வோ, இது என்ன வாசம்?"

"ஆறு," என்றார். அவரும் மூக்கைத் தூக்கியிருந்தார்.

பீரங்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். கீழே, குளிர்காலம் முழுக்க உறைந்து கிடந்த தோர்னே ஆற்றின் பனி குறுக்கே பிளந்தது. வீட்டுச் சுவரளவு பாளங்கள் நிமிர்ந்து, வெயிலில் பச்சையாக எரிந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கடலை நோக்கி நகரத் தொடங்கின.