எமில் சட்டம் நிறைவேறிய நாள்

மாநிலச் சட்டமன்றத்தின் சுவர்க் கடிகாரம் மூன்று ஆண்டுகள் பகல் பதினொன்று ஐம்பத்தெட்டிலேயே நின்றது. அவ்வளவு காலமும் உள்ளே இருந்த உறுப்பினர்கள் ஒருவருக்கும் தாடி வளரவில்லை, காப்பி ஆறவில்லை, பேரவைத் தலைவரின் பல்வலியும் தீரவில்லை.

நிறுத்தியவள் வாயிற்காவல் பார்த்த வெர்னா ஹுடாக். கூட்டத்தொடர் அன்று நண்பகலோடு முடிய வேண்டும் என்பது சாசனம். வேலை முடியாவிட்டால் ஏணி போட்டுப் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த அவையின் வழக்கம். "ஏறும்மா வெர்னா, ரெண்டே நிமிஷம்" என்றார் தலைவர். அவளும் ஆசையோடுதான் ஏறினாள். கைபேசிச் சூதாட்டத்துக்கு அனுமதி தந்து கடிவாளமும் போடும் மசோதா அது. அதன் இருபத்தொன்றாம் பிரிவில் ஒரு பட்டியல் இருந்தது: அதில் தன் பெயரைத் தானே எழுதியவனை எந்த நிறுவனமும் ஆட்டத்தில் சேர்க்கக்கூடாது. "மொதப் பேரா என் பேர எழுதச் சொல்லும்மா. என் கை என் பேச்சைக் கேக்கல" என்று காலையில் சொல்லி அனுப்பியிருந்தான் மகன் எமில்.

வரி பதினெட்டு சதவீதமா பத்தொன்பதா என்பதிலேயே ஓராண்டு போயிற்று. சூதாட்ட விடுதிக்காரர்களும் கைபேசி நிறுவனத்தாரும் எலியும் பூனையுமாக நின்று, கடைசியில் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். இருபத்தொன்றாம் பிரிவை யாரும் எதிர்க்கவில்லை. எதிர்ப்பதற்கு யாராவது அதைப் படித்திருக்க வேண்டுமே! வெளியே காலம் தன்பாட்டுக்கு ஓடியது, சட்டமில்லாமலே ஆட்டமும் ஓடியது. வெர்னா மாலையில் வீட்டுக்குப் போவாள், காலையில் ஒரு நரை கூடித் திரும்புவாள். எமில் வண்டியை விற்றான், இறந்துபோன அப்பாவின் வெல்டிங் கருவியை விற்றான். "இன்னும் முடியலையாம்மா?" என்பான். "ரெண்டு நிமிஷம்தான்டா பாக்கி" என்பாள். மூன்றாவது மார்ச்சில், பனி உருகிய வாரம், அவன் ஆற்றில் குதித்தான். பாலத்தில் கிடந்த கைபேசி இலவச ஆட்டம் ஒன்றுக்கு அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வெட்கங்கெட்ட சாதனம்.

இறந்தவர் பெயரைச் சட்டத்துக்குச் சூட்டுவது அங்கே மரியாதை. எமில் சட்டம் என்று பெயர் வைத்ததும் எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன. வெர்னா ஏறிப் பெண்டுலத்தைத் தட்டிவிட்டாள். இரண்டு நிமிடத்தில் பன்னிரண்டு அடித்தது. அவைக் குறிப்பில் மூன்றாண்டுக்கு முந்தைய தேதியே பதிவாயிற்று. சட்டம் அந்தப் பழைய தேதியிலிருந்தே அமலில் இருந்ததாயிற்று.

மகன் பெயரை முதலில் எழுதும்படி அவள் மனுக் கொடுத்தாள். பட்டியல் மூன்று ஆண்டுகளாகத் திறந்திருந்தும் உயிரோடிருந்தபோது கையெழுத்திடாதவரைச் சேர்க்க வழியில்லை என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை மாதாகோயில் மீன் விருந்தில் பக்கத்து வீட்டு பெர்னிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு வருஷம் தொறந்து கெடந்துச்சே வெர்னா. நானே அந்தப் பக்கம் போறப்பப் பாத்தேன். அந்தப் புள்ள போயி ஒரு கையெழுத்து போட்டிருக்கலாம்ல?"

ஊரில் எல்லோருக்கும் இப்போது, பட்டியல் திறந்து கிடந்த அந்த மூன்று ஆண்டுகள் நன்றாகவே நினைவிருந்தன. வெர்னா மீனில் முள் எடுத்தாள்.

"போட்டிருக்கலாம்தான். சின்னதுலேருந்தே அப்படித்தான் பெர்னிஸ், எதையும் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போடுவான்" என்றாள்.