பரிபூரணத்தின் அப்பா

தென்காசி தங்கசாமிக்குக் கடவுள்மேல் பொறாமை வந்தது. சிரிக்க வேண்டாம். பங்காளிமேல் பொறாமைப்படுகிறவன் எல்லா ஊரிலும் உண்டு. அடுத்த வயலில் கதிர் நன்றாகச் சாய்ந்திருக்கிறதே என்று வயிறெரிகிறவனும் உண்டு. அதையெல்லாம் நாலு பேரிடம் புலம்பி ஆற்றிக்கொள்ளலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அதுவும் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், கோயில் கமிட்டியில் முன்வரிசை ஆள். குருவானவரிடம் போய், 'ஐயா, என் பெண்டாட்டி என்னைவிட ஆண்டவரிடம்தான் ஒட்டுதலாக இருக்கிறாள், எனக்குப் பொறுக்கவில்லை' என்று சொன்னால், அந்த மனுஷர் மகிழ்ந்துபோய் ஸ்தோத்திரம் சொல்லிவிடுவார்.

தங்கசாமிக்கு இலத்தூரில் நஞ்சை இருந்தது. குற்றாலத்தில், சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற வீடு ஒன்று இருந்தது. ஆள் கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், சீட்டாடமாட்டான். ஆனால் வாசலில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் பேச்சு நின்றுவிடும். அவனுடைய அப்பன் செருப்புச் சத்தத்துக்கு அவனும் அப்படித்தான் வாயை மூடி வளர்ந்தவன். அதனால் அதை மரியாதை என்றே நினைத்திருந்தான். மனைவி பரிபூரணம் கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதற்குமேல் ஒரு சொல் வராது. அவளுக்குப் பேச்சே அவ்வளவுதான் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து நம்பிக்கொண்டிருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், ஆனி மாதம், சாரல் பிடித்துக்கொண்ட ஒரு விடியற்காலையில் அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது. தொழுவத்தில் பேச்சுக் குரல் கேட்டது. பெண் குரல். நடுவில் ஒரு சிரிப்பு. பரிபூரணம் அப்படிச் சிரித்து அவன் கேட்டதே இல்லை. கம்பை எடுத்துக்கொண்டு பூனை மாதிரி போய்த் ஓலைத் தட்டி மறைவில் நின்றான். உள்ளே மாட்டையும் அவளையும் தவிர ஒரு குஞ்சும் இல்லை. அவள் மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, பால் கறந்தபடியே பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ராத்திரி பூராவும் முட்டு ஒரே கொடைச்சல். நேத்து வெளக்குச் சிம்னிய வேற ஒடைச்சிட்டேன். அவுக கண்ணுல படாம வைக்கோலுக்குள்ள சொருவி வச்சிருக்கேன், நீருதான் பாத்துக்கிடணும். பெறவு இன்னொண்ணு, சொன்னா சிரிப்பீரு. மங்குஸ்தான் திங்கணும்னு நாக்கு ஊறுது. இந்த வயசுல எனக்கு வாற ஆசையப் பாத்தீரா?"

பரிபூரணத்தின் தகப்பனார் அவள் தொட்டிலில் கிடந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் இது எந்த அப்பா? தங்கசாமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கம்பு தாழ்ந்தது. முதலில் அதிர்ச்சிதான். அவன் ஆண்டவர் முன்னால் போகிறதென்றால் ஞாயிற்றுக்கிழமை, கோட்டு, துவைத்த வேஷ்டி. வாயைத் திறந்தால் சர்வ வல்லமை, மகா பரிசுத்தம் என்று அடைமொழிகளை அடுக்கி முடிக்கவே பாதி ஜெபம் தீர்ந்துபோகும். இவளோ முகம்கூடக் கழுவாமல், சாணிக் கையோடு, மங்குஸ்தான் வேண்டும் என்கிறாள்!

வெயில் ஏற ஏற அதிர்ச்சி போய் வேறொன்று உள்ளே அரிக்க ஆரம்பித்தது. மங்குஸ்தான் குற்றாலத்தில் கிடைக்கிறது. குற்றாலம் கூப்பிடு தூரம். வண்டி என்னுடையது, மாடு என்னுடையது. மலை மாதிரி நான் இங்கே உட்கார்ந்திருக்க, இவள் ஏன் அங்கே போய்க் கேட்கிறாள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

அன்றைக்கே வண்டியைக் கட்டினான். ஆண்டவர் கொடுப்பதற்கு முன்னால் தான் கொடுத்துவிட வேண்டும் என்ற வேகம். தோப்புக்குப் போய், நனைந்து, நல்ல பழமாகப் பொறுக்கி ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தான். பரிபூரணம் கூடையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கண் விரிந்தது. "நல்ல பழமா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். பரவாயில்லை, கூச்சப்படுகிறாள், நாளைக்குக் காலையில் தெரியும் என்று காத்திருந்தான்.

காலையில் தட்டி மறைவில் காதை வைத்தான். "அப்பா, நேத்துக் கேட்டேன், நேத்தே குடுத்துட்டீரே! ஒமக்குக் கோடி ஸ்தோத்திரம்" என்றாள் பரிபூரணம்.

தங்கசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நனைந்தவன் நான், சுமந்தவன் நான், ஸ்தோத்திரம் அவருக்கா? சரி, முட்டுவலி இருக்கிறதே, அதில் பார்த்துவிடலாம் என்று மறுபடியும் குற்றாலம் போனான். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற குற்றாலிங்கத்தைப் பிடித்து முட்டுக்கு எண்ணெய் கேட்டான்.

"ஆருக்கு அண்ணாச்சி? வீட்டுல அம்மாவுக்கா? அவுக கேட்டாகளா?" என்றான் குற்றாலிங்கம்.

"ஆமாலே, அவதான் கேட்டா" என்றான் தங்கசாமி. சொல்லும்போது காது சூடாகிவிட்டது. அந்தப் பொய் உண்மையாக வேண்டும் என்பதற்காகத்தான் அவன் இத்தனை பாடு பட்டான். அவள் ஒரே ஒரு தடவை அவனிடம் வந்து, இன்னது வேண்டும் என்று கேட்க வேண்டும். அதற்கு ஈடாக அந்த வருஷத்து விளைச்சலைக் கேட்டாலும் கொடுத்திருப்பான்.

எண்ணெய்க்கும் நன்றி மேலேதான் போனது. கடைசியாக ஒரு புதுச் சிம்னி வாங்கிவந்து, ஒன்றும் பேசாமல் விளக்கில் மாட்டினான். பரிபூரணம் அதைப் பார்த்ததும் வெளிறிப்போனாள். மறுநாள் தொழுவத்தில் சொன்னாள்: "அப்பா, அவுகளுக்குத் தெரிஞ்சிட்டு. ஆனா ஒரு ஏச்சு ஏசல. நீருதான் அவுக வாயக் கட்டிப்போட்டீரு."

ஏசாமல் இருந்த புண்ணியம்கூட அவன் கணக்கில் வரவில்லை. இதற்குமேல் எந்த ஆம்பிளைக்குத்தான் பொறுக்கும்? அன்றைக்கு இட்லியைத் தொடாமலே கூப்பிட்டான்.

"ஏட்டி, இனிமே தொழுவத்துல ஜெபம் வேண்டாம். ஆண்டவர்னா ஒரு மட்டு மரியாதை இல்லையா? குளிச்சி, முக்காடு போட்டு, நடுவீட்டுல உக்காந்து பண்ணு. நானே நடத்துதேன்."

"சரிங்க" என்றாள் பரிபூரணம்.

நடுவீட்டில் ஜெபம் நடந்தது. தங்கசாமி அடைமொழிகளை அடுக்கினான், பரிபூரணமும் மகள் கிருபையும் தலைகுனிந்து ஆமென் சொன்னார்கள். தொழுவத்தில் பேச்சு நின்றது. வென்றுவிட்டோம் என்று தங்கசாமி நினைத்தான். அங்கே கதவை அடைத்தால் இங்கேதானே வந்தாக வேண்டும்? தினமும் அவள் முன்னால் போய் வெறுமனே நின்றுகூடப் பார்த்தான். அவள் வந்து கேட்கவில்லை.

ஒருநாள் உரலடியில் பார்த்தான். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. கிணற்றடியில் பார்த்தான், அங்கேயும் அசைந்தது. சத்தம் இல்லை, அவ்வளவுதான். அவள் போகிற இடத்துக்கு எல்லாம் வாசல் கூடவே போனது. அடைத்த கதவு அவனுக்குத்தான் அடைபட்டது. முன்பாவது தன் வீட்டில் யாருக்கு என்ன வலி என்று தட்டி மறைவில் நின்று தெரிந்துகொண்டிருந்தான். இப்போது அதுவும் போயிற்று. வயலில் வேலையாட்களைக் காரணமில்லாமல் திட்டினான்.

சீசன் சூடு பிடிக்கும் முன்னால் குற்றாலத்து வீட்டைத் துப்புரவாக்க மூன்று பேரும் வண்டியில் போனார்கள். தங்கசாமி முன்னால் உட்கார்ந்து ஓட்டினான். பின்னால் கிருபை அம்மாவின் காதில் குசுகுசுத்தாள். ஒன்பது வயசுப் பிள்ளையின் குசுகுசுப்பு எத்தனை தூரம் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"எம்மா, அருவிக்குப் போலாமான்னு அப்பாகிட்ட கேளும்மா."

"இப்ப வேண்டாம். அவுக மொகம் சரியில்ல."

"நான் சாமி அப்பாகிட்ட கேட்டுட்டேன். அவரு போலாம்னுதான் சொல்லுதாரு. இந்த அப்பாதான் என்ன சொல்லுவாகளோ."

தங்கசாமி மாட்டை ஓங்கி ஒரு அடி அடித்தான். பிள்ளையும் போயிற்றா! அந்தப் பக்கம் ஆள் சேர்ந்துகொண்டே போகிறது, இந்தப் பக்கம் அவனும் இரண்டு மாடுகளும்தான். வீடு வந்ததும் சாமானை இறக்கக்கூட இல்லை.

"நான் என்ன புலியா? கடிச்சா தின்னுருவேன்?" என்று கத்தினான். "மங்குஸ்தான் வேணும்னா என்கிட்ட கேக்கப்பிடாதா? முட்டு வலிச்சா சொல்லப்பிடாதா? எல்லாத்துக்கும் அங்கதானா? அவருகிட்ட போற வாயி எங்கிட்ட ஏன்ட்டி வரமாட்டுக்கு?"

மறைந்து நின்று கேட்டதெல்லாம் அவன் வாயாலேயே வெளியே வந்துவிட்டது. பரிபூரணம் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். அவள் கோபப்படவில்லை. யோசித்து, மெதுவாக, அவன் ஆயுளில் அவளிடம் கேட்டறியாத நீளத்துக்குப் பேசினாள்.

"ஒங்ககிட்ட கேட்டுருக்கேங்க. கல்யாணமான மொத வருசம். புளியறையில எங்கம்மைக்குக் காய்ச்சல்னு ஆள் வந்திச்சு. போய்ப் பாத்துட்டு வரட்டுமான்னு கேட்டேன். நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. அறுப்பு நேரத்துல என்ன அம்மை வீடுன்னு தட்டத் தூக்கி எறிஞ்சீங்க. செவரெல்லாம் சோறு. நாந்தான் தொடைச்சேன். அறுப்பு முடிஞ்சி நீங்க அனுப்பும்போது அங்கன கல்லறைதான் இருந்திச்சு. அன்னையிலருந்து நான் ஒங்ககிட்ட ஒண்ணும் கேக்கதில்ல."

தங்கசாமிக்கு அப்படி ஒரு நாள் நினைவே இல்லை. அதுதான் அவனை அடித்தது. ஒருத்தி இத்தனை வருஷம் சுமந்ததை அவன் கை கழுவியதோடு மறந்திருக்கிறான்.

"அவருகிட்ட மட்டும்?" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"அவரு எறிய மாட்டாரு. எந்த நேரத்துல போனாலும், எந்தக் கையோட போனாலும், வாம்மான்னுதான் சொல்லுதாரு. எங்கப்பா மொகம் எனக்குத் தெரியாதுங்க. எனக்கு அப்பான்னா அவருதான்."

தங்கசாமி பின்கட்டு வழியாக வெளியே போய்விட்டான். வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் நின்றான். மலையை மேகம் மூடியிருந்தது. அழுகை வருமா, ஆத்திரம் வருமா என்று தெரியாமல் நின்றவன், பழக்கத்தில் அடைமொழியை ஆரம்பித்தான். இரண்டாவது சொல்லோடு அதை விட்டுவிட்டான். அப்பா என்று கூப்பிடப் பார்த்தான். அந்தச் சொல்லோடு அவன் அப்பனுடைய மாட்டுச் சாட்டைதான் கண்முன் வந்தது. அதனால் உள்ளே இருந்ததை அப்படியே கொட்டினான்.

"ஒமக்கே இது நல்லாருக்காய்யா? எம் பொண்டாட்டியும் ஒம்ம பக்கம், எம் பிள்ளையும் ஒம்ம பக்கம். நான் தனியா நிக்கேன். எனக்கு வயிறு எரியுது. ஒம்ம மேலதான் எரியுது. போதுமா?"

சொன்ன மாத்திரத்தில் தோள் தானாகச் சுருங்கியது, கண் மூடிக்கொண்டது. அவன் அப்பனிடம் இதில் பாதி பேசியிருந்தாலும் முதுகுத் தோல் மிஞ்சியிருக்காது. அடி எந்தப் பக்கம் விழும் என்று காத்திருந்தான். அடி விழவில்லை. சாரல்தான் விழுந்தது. நெடுநேரம் கண்ணைத் திறக்காமல் நின்றான். இத்தனை துடுக்காகப் பேசியும் யாரும் அவனை வெளியே போ என்று சொல்லவில்லை. கோட்டு இல்லை, செருப்பு இல்லை, ஈர வேஷ்டி காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் யாரும் கேட்கவில்லை.

"அப்பா" என்றான். இந்தத் தடவை சாட்டை வரவில்லை. "நான் தட்ட எறிஞ்சிட்டேம்ப்பா."

பலாமரத்தில் சாய்ந்து அழுதான். அழுது முடித்து உள்ளே வந்தபோது பரிபூரணம் துண்டை நீட்டினாள். "தப்பு எம்மேலதான்" என்றான். அவள் தலையை ஆட்டினாள். ஒத்துக்கொண்டாளா, விடுங்கள் என்றாளா, தெரியவில்லை. என்னிடம் கேள் என்று அவளை வற்புறுத்த இப்போது அவனுக்கு வாய் வரவில்லை. கிருபையை மட்டும் கூப்பிட்டு, அருவிக்குக் கூட்டிப்போய், திரும்பக் கூட்டிவந்தான். தலை துவட்டும்போது அந்தப் பிள்ளை அவனையே ஒரு மாதிரி உற்றுப் பார்த்தது.

மதியம் சாப்பிட உட்கார்ந்தான். பரிபூரணம் சோறு போட்டு, குழம்பு ஊற்றினாள். ஊற்றிவிட்டு வழக்கம்போல் உள்ளே போகாமல் நின்றாள். பிறகு சுவரோரமாக உட்கார்ந்தாள். முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?"

தங்கசாமி வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் இருந்தான்.

"புளியறைக்கு ஒருக்க என்னக் கூட்டிட்டுப் போறீங்களா? அம்மை கல்லறைய அன்னைக்குப் பாத்ததுதான்."

கேட்டுவிட்டாள். இந்த நாளுக்காகத்தான் அவன் மலைக்கும் வீட்டுக்கும் வண்டி கட்டி அலைந்தான். ஆவலாக அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண் அவன் தட்டில் இருந்தது.

தங்கசாமி இடது கையால் தட்டைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"போவோம்" என்றான். "சாப்பிட்டதும் வண்டியக் கட்டுதேன்."

அவள் இன்னும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்கிறவரை அவன் கையை எடுக்கவில்லை.