நான்காவது நிமிடத்தில் நூறு

1

இந்தக் கதை ஒரே ஒரு தாளிலிருந்து வந்தது. பயத்துக்குச் சிகிச்சை தரும் பெண் ஒருத்தி, நோயாளியின் எண்களை எழுத வேண்டிய கட்டங்களில் தன் எண்களை எழுதிவிட்டாள். அந்தத் தாள் இப்போதும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. திறக்கப் பயமாக இருப்பதால் ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் வரிக்கு மூன்று தடவை முயன்றேன்.

"சிறுவயதிலேயே துன்பங்களை வென்று சாதித்த அவள்" (மேடைப் பேச்சு. வேண்டாம்.)

"லிஃப்ட் என்பது ஒரு" (லிஃப்ட் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.)

"கதவு வெளியே பூட்டியிருந்தது, உள்ளே" (முடியவில்லை. அப்புறம் வருகிறேன்.)

2

அவளுடைய வேலைக்குப் பெயர் பெரியது: அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. விஷயம் சின்னது. என்ன நடக்கும் என்று உங்கள் பயம் சொல்கிறதோ, அதை எழுதிக்கொள்வீர்கள். பிறகு நேரில் போய் அது நடக்கிறதா என்று பார்ப்பீர்கள். அவளும் கூட வருவாள். நிமிடத்துக்கு ஒருமுறை, "நூத்துக்கு எவ்வளவு பயம்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வாள். "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லமாட்டாள்.*

அன்று வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மகள் வீடு ஒன்பதாவது மாடி. படியேற முழங்கால் விடாது, லிஃப்ட் என்றால் உயிரே போய்விடும். பேத்தி பிறந்து நான்கு மாதமாகிறது. மகள்தான் கீழே தூக்கிவந்து காட்டிவிட்டுப் போகிறாள். பேத்தியை வாசலில் நின்று பார்ப்பது அவருக்கு அவமானமாக இருந்தது.

சிகிச்சை நிலையத்து லிஃப்டில் இருவரும் நான்கு நிமிடம் ஏறி இறங்கினார்கள். அவர் சொன்னது: எண்பது, அறுபது, ஐம்பது, நாற்பது. அவள் எழுதியது: எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு, நூறு.

மேற்பார்வை செய்யும் அம்மாள் தாளைக் கையில் எடுத்தார்.

"ஏம்மா, இவருக்குப் பயம் ஏறிக்கிட்டே போயிருக்கே. மனுஷன் சிரிச்சுக்கிட்டேல்ல போனாரு?"

"அது வந்து..."

"இது யாரோட நம்பர்?"

அவள் தன் பக்கம் விரலைக் காட்டினாள்.

"பயப்படறது தப்பில்ல. அடுத்தவங்க தாள்ல எழுதறதுதான் தப்பு. அவர்கிட்ட நீயே சொல்லிடு. இல்லைன்னா அவரை வேற ஆள்கிட்ட மாத்திடறேன்."

*அப்படித் தேற்றினால், தேற்ற ஆள் இல்லாத நாளில் பயம் திரும்பி வரும். இது பாடப்புத்தகக் காரணம். அவளுக்கு வேறு காரணமும் உண்டு.

3

காரணம் சொல்லும் கதைகள் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு ஆறு வயது. அம்மாவுக்குச் சலவை நிலையத்தில் வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அறையை வெளியே பூட்டிவிட்டுத்தான் போவாள். "ஒண்ணும் ஆகாது. நூறு வரைக்கும் எண்ணு கண்ணு, வந்துடறேன்." நூறு போதாது என்று இருவருக்குமே தெரியும். முடிந்ததும் பிள்ளை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

ஒருநாள் அம்மா வேலையிடத்தில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பூட்டிய அறைக்குள் ஒரு குழந்தை இருப்பது வேறு யாருக்கும் தெரியாது. மறுநாள் மத்தியானம் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர், கதவுக்குப் பின்னால் யாரோ எண்ணுவதைக் கேட்டு நின்றார்.

(கதைக்காக அவரைக் கொண்டுவந்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை. கதவின் நிறத்தைத்தான் இட்டுக்கட்டினேன், பிறகு அதையும் அடித்துவிட்டேன்.)

அப்புறம் விடுதி, உதவித்தொகை, பட்டம், பயிற்சி. அதையெல்லாம் நான்கு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். படித்ததும் பயம் போய்விட்டதாக அந்தப் பக்கங்கள் சொல்லின. போகவில்லை. அடுத்தவர்களின் பயம் சொல்வது பெரும்பாலும் நடப்பதில்லை. அவளுடையது ஒருமுறை நிஜமாகவே நடந்துவிட்டது.

அவள், அவள் என்று எழுதினால்தான் என்னால் எழுத முடிகிறது. அதனால்தான். இந்நேரம் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

4

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். அவர் எழுந்து போய்விடுகிறார்.

முடிவு ஆ: பூசி மெழுகிவிடுகிறேன். லிஃப்ட் பாதியில் நிற்கிறது. விளக்கும் அணைகிறது. அவர் என் பக்கம் திரும்பி (இதற்கு மேல் எழுதமாட்டேன்.)

நடந்தது வேறு. லிஃப்ட் வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"சார், போன தடவை நான் எழுதினது உங்க நம்பர் இல்ல. என்னோடது. உள்ளே நிக்க எனக்கும் பயம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னைவிட ஜாஸ்தியா?"

"நாலாவது நிமிஷம் நூறு."

"அடேங்கப்பா! அப்புறம் எப்படி ஓடாம நின்னீங்க?"

லிஃப்ட் வந்தது. அவர்தான் முதலில் உள்ளே போனார். நானும் போனேன். கதவு மூடியது. என் உதடு தன்பாட்டுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்திருந்தது.

அவர் என் கையிலிருந்த தாளையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு ரெண்டு பேருக்கும் நானே எழுதறேன். எனக்கு முப்பத்தஞ்சு. நீங்க சொல்லுங்கம்மா, நூத்துக்கு எவ்வளவு?"

ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. அதற்காக அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

5

நான் சொன்ன எண்ணை அவர் எழுதினார். அந்தத் தாளும் அதே இழுப்பறையில்தான் இருக்கிறது. நான் எடுத்துத் தரப்போவதில்லை. உங்களுக்காக ஒரு கட்டம் விட்டிருக்கிறேன், பென்சில் இருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

[          ]

எழுதிவிட்டு ஒருமுறை சரிபாருங்கள். நான் கேட்டது என் எண்ணை, உங்களுடையதை அல்ல.