ஆறாவது எண்ணிக்கையில் நின்ற கை

குமுதவல்லியின் வலது கை காலையிலிருந்து அந்தரத்தில் நின்றது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. வலி இல்லை.

தவறு அவளுடையதுதான். ரவிக்கை தைக்க உட்கார்ந்து வானொலியைப் போட்டாள். யாரோ பியானோ வாசித்தார்கள். எந்த ஊர் இசை என்று தெரியவில்லை. நெஞ்சுக்கு இதமாக இருந்தது. பழக்கதோஷத்தில் தொடையில் ஆதி தாளம் போட்டாள். எட்டு எண்ணிக்கையில் ஆறாவதுக்குக் கையைத் திருப்பியபோது அறிவிப்பாளர் குறுக்கே புகுந்து இசையை நிறுத்திவிட்டார். கை அப்படியே நின்றுவிட்டது.

நின்ற கையோடு இசை அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அங்கிருந்த குமாஸ்தா தலை நிமிரவில்லை.

“அதுக்குப் போய் யாரும்மா தாளம் போடச் சொன்னது?”

“நல்லா இருந்துச்சு சார்.”

“நல்லா இருந்தா கேட்டுட்டுப் போக வேண்டியதுதானே? ஆறு மணிக்குள்ள மிச்ச ரெண்டு எண்ணிக்கைய வாங்கிடுங்க. இல்லேன்னா கைய எடுத்துக்குவோம்.”

“கையில்லாம எப்படி சார் தைப்பேன்?”

“எந்தக் கைன்னு எழுதிக் குடுங்க.”

இடது கையால் ‘வலது’ என்று எழுதிக் கொடுத்தாள்.

“வாசிக்கிறவரு எங்க இருப்பாரு?”

“நடைகூடம் முடியற இடத்துல.”

நடைகூடம் முடிவதாகத் தெரியவில்லை. நடக்க நடக்க நீண்டது. இருபுறமும் பெஞ்சுகளில் ஒற்றைக் கை மனிதர்கள் உட்கார்ந்து, மிச்சக் கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகவும் சேர்த்துக் கடவுளை வேண்டியபடி நடந்தாள். ஒருத்தி மட்டும், “பாத்து வைம்மா காலை, ஈரமா இருக்கு” என்றாள்.

ஒருவழியாக வந்த கடைசிக் கதவுக்குள் மெலிந்த மனிதர் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். காலையில் கேட்டதுதான். நிறுத்திய இடத்துக்கு அப்பால் அது இன்னும் அழகாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது.

“ஐயா, எனக்கு ரெண்டே ரெண்டு எண்ணிக்கை வேணும்.”

“இந்த இசையில எட்டாவது எண்ணிக்கைன்னே ஒண்ணு கெடையாதும்மா.”

ஆறு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. அவருடைய உதடுகள் வெடித்திருப்பதை அவள் பார்த்தாள். பியானோமேல் ஒரு டம்ளர் தண்ணீர் தொடப்படாமல் இருந்தது.

“தண்ணி குடிக்கலையா?”

“கைய எடுக்கக் கூடாது.”

“நான் குடுக்கறேன்.”

இடது கையை நீட்டினாள். உடனே இழுத்துக்கொண்டாள். இடது கையால் அவள் யாருக்கும் தண்ணீர் கொடுத்ததில்லை. வலது கை இறங்கி வந்து டம்ளரை எடுத்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவர் கழுத்து நோகாதபடி குனிந்து உதட்டில் வைத்தாள்.

மணி ஆறு அடித்தது. குமாஸ்தா துணிப்பையோடு பின்னால் வந்து நின்றார்.

“நேரமாச்சும்மா.”

“இருங்க சார்” என்றாள், திரும்பாமல். “அவரு குடிச்சு முடிக்கட்டும்.”

குமாஸ்தா பையை விரித்துப் பிடித்தபடி நின்றார். அந்த மனிதர் வாசித்துக்கொண்டே குடித்தார். டம்ளரில் தண்ணீர் குறையவில்லை.