மூன்றாம் லேத்தின் சிவப்புப் பொத்தான்

அந்தப் படிவம் வந்த மாலை எங்கள் கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம். என் தம்பி, பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். அவன் மனைவி, தெருவுக்கே தைத்துக் கொடுக்கும் தையற்காரி. எங்கள் தங்கை, வாயைத் திறந்தால் ஊசி. தம்பியின் ஒரே மகள், தொழிற்கல்வி மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு. வீட்டுக்கு மூத்தவன் என்ற முறையில் நான். வேறு யாரும் இல்லை. இன்று எதிர்வீட்டார் முதல் பால்காரர் வரை, தாங்களும் கூட இருந்து பார்த்ததுபோல் பேசுகிறார்கள். அதனால்தான் ஆட்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எல்லோரும் பேனா பிடித்தவர்கள். இந்தப் பெண் மட்டும் தானே விரும்பிப்போய் லேத் என்னும் கடைசல் இயந்திர வேலை படிக்கச் சேர்ந்தாள். சேர்த்துவிட்டு வந்த தம்பியோடு நான் ஒரு வாரம் பேசவில்லை. உறவினர்களிடம் பெரிய பள்ளியில் அறிவியல் படிக்கிறாள் என்று சொன்னோம். எண்ணெய்க் கறை படிந்த பட்டறைக் கோட்டு வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது என் உத்தரவு. கொடியில் அது காய்ந்தால் தெருவே பார்க்குமல்லவா? ஆகவே அது பள்ளி அலமாரியிலேயே கிடந்தது.

படிவம் ஒரே தாள். பள்ளியைப் பற்றி மேல்பாதியில் மாணவர் கருத்து, கீழ்ப்பாதியில் பெற்றோர் கருத்து, கையொப்பம். மேல்பாதியை அவள் பென்சிலால் நிரப்பியிருந்தாள். பட்டறையில் படிக்கும் பிள்ளைகளுக்கு எதற்கும் பென்சில்தான்.

"என்ன நட்டு, பரீட்சையா?" என்றாள் என் தங்கை. அந்தப் பட்டப்பெயர் அவள் வைத்தது. "உனக்கு மாப்பிள்ளை தேடணும்னா பழைய இரும்புக் கடைக்குத்தான்டி போகணும்."

"பரவாயில்லை அத்தை. துரு பிடிச்சிருந்தா நானே தேச்சு எடுத்துக்கறேன்."

தம்பிகூடச் சிரித்துவிட்டான். நான் தாளை வாங்கிப் படித்தேன். இப்படி எழுதியிருந்தாள்:

'பள்ளி பிடித்திருக்கிறது. லேத்தில் நூலளவு தப்பினாலும் தெரிந்துவிடும், யாரையும் ஏமாற்ற முடியாது. அதனால் பிடித்திருக்கிறது. மூன்றாம் லேத்தை அவசரத்தில் நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இரண்டு மாதமாக வேலை செய்யவில்லை. என் கோட்டின் கைமடிப்பு கிழிந்து தொங்குகிறது. வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை.'

கடைசி வரியில் என் கண் நின்றது.

"இத யாரு படிப்பாங்க?"

"தலைமையாசிரியர் படிப்பார், பெரியப்பா. அதுக்கு மேலயும் போகும்னு சொன்னாங்க."

"அப்ப நம்ம வீட்டு விஷயம் ஊரெல்லாம் சுத்தணுமா? பொத்தானாம், கோட்டாம். அந்தப் பள்ளிக்கூடத்துல நம்ம பொண்ணு இருக்குதுன்னு நாமே எழுதிக் கையெழுத்து வேற போடணுமா?"

"அண்ணே, கோட்ட விடுங்க. அந்தப் பொத்தான் விஷயமாவது இருக்கட்டுமே" என்றான் தம்பி, மெதுவாக.

"குறை சொன்னா கூப்பிட்டு விசாரிப்பான். போய் நிப்பியா? உன் ஆபீஸ்ல தெரிஞ்சா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி மட்டும் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "கைமடிப்புதானே, அஞ்சு நிமிஷ வேலை. பையில மறைச்சுக் கொண்டாந்தா நான் தச்சுடுவேன்" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் மறுபடி இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினாள். யாரோ ஒருவருடைய சட்டைக்குக் கைமடிப்புதான் தைத்துக்கொண்டிருந்தாள்.

ரப்பரை எடுத்து நானே அழித்தேன். பள்ளி பிடித்திருக்கிறது என்ற வரியைக்கூட விடவில்லை. மேலே 'திருப்தி', கீழே 'திருப்தி' என்று பேனாவால் எழுதினேன். தம்பி கையொப்பம் போட்டான். அந்தப் பெண் ரப்பர் துகளைக் கையால் கூட்டி எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்குத் தம்பிக்குத் தொலைபேசி வந்தது.

தொங்கிய கைமடிப்பை அவள் ரப்பர் வளையம் போட்டு இறுக்கி வைத்திருக்கிறாள். அது அறுந்து, சுழலும் இரும்பு துணியைச் சுற்றிக்கொண்டது, துணியோடு கையையும். இடது கையால் சிவப்புப் பொத்தானை அடித்திருக்கிறாள், ஒருமுறையல்ல, பலமுறை. பட்டறை ஆசிரியர் சுவரில் இருந்த பெரிய சுவிட்சை நோக்கி ஓடினார். பிறகு நான் அந்தத் தூரத்தை நடந்து பார்த்தேன். பதினாறு எட்டு. அதற்குள் வலது கையில் கட்டை விரலையும் சுண்டு விரலையும் தவிர மற்றவை போய்விட்டன.

மருத்துவமனையில் நினைவு தெளிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "பெரியப்பா, அந்த மிஷின்ல இப்ப வேற யாரையும் விடலையே?"

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியர் படிவக் கட்டை மேசைமேல் வைத்தார். "முப்பத்திரண்டு படிவம். முப்பத்திரண்டிலும் திருப்தி. ஒருத்தராவது ஒரு வரி எழுதியிருந்தா அன்னிக்கே ஆளைக் கூப்பிட்டிருப்பேன்."

"நான் வாயால ரெண்டு தடவை சொன்னேனே, சார்" என்றார் பட்டறை ஆசிரியர்.

"வாயால சொன்னத வச்சு மேல எப்படிக் கேக்கறது?"

பின்வரிசையில் இருந்த பேருந்து ஓட்டுநர் எழுந்தார். "எம் பையனும் எழுதணும்னான் சார். இந்த ஸ்கூல்ல சேத்ததே அவமானம், அதுல புகார் வேறயான்னு நான்தான் அதட்டினேன்." வேறு இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டுத் தாளைக் கேட்டு வாங்கி, சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். இரும்பில் கோடு கிழித்துப் பழகிய கை. எழுத்தை அழுத்தியே எழுதுவாள். ரப்பர் கரியைத்தான் எடுத்திருந்தது. 'திருப்தி'க்கு அடியில் பள்ளம் பள்ளமாக ஒவ்வோர் எழுத்தும் இருந்தது. கூட்டத்தில் அதை உரக்கப் படித்தேன். கடைசி வரியையும் விடாமல் படித்தேன். தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்றுவரை பார்ப்பதில்லை.

பள்ளிக்குப் பொறுப்பில்லை என்று நான் சொல்லவில்லை. காகிதம் வந்தால்தான் பொத்தானைப் பார்ப்பேன் என்பது பொறுப்பாகுமா? ஆனால் பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயரைச் சொல்ல வெட்கப்படும் வீடு, அந்தப் பள்ளியின் குறையைக் கேட்கும் உரிமையைத் தானே தூக்கி எறிந்துவிடுகிறது. பெற்றோர் கருத்து என்று ஒரு தாள் வந்தால், பிள்ளை எழுதியதை முதலில் படியுங்கள். படித்துவிட்டு அப்படியே அனுப்புங்கள். குடும்ப கௌரவம் என்று நாம் கட்டிக் காப்பது எதுவாக இருந்தாலும், அது ஒரு பிள்ளையின் விரலைவிடப் பெரியதல்ல.

அந்தக் கோட்டு கடைசியில் வீட்டுக்கு வந்தது, மருத்துவமனையில் கொடுத்த பையில். அவள் அம்மா அதைத் துவைத்து, கைமடிப்பைத் தைத்து, தெருப்பக்கக் கொடியில் காயப்போட்டாள்.

இனி, தெருவில் சுற்றும் பேச்சு. மதிப்பெண் இல்லாத பெண், விளையாட்டுப் புத்தி, தோழியோடு பேசிக்கொண்டே கையை விட்டுவிட்டாள் என்கிறார்கள். வீட்டு மானத்தைக் காப்பதாக நினைத்து என் தங்கையும் உறவினர்களிடம் அப்படித்தான் சொல்லிவருகிறாள். அது பொய். அந்தப் பெண் பேசவில்லை, விளையாடவில்லை. ஆபத்து இருப்பதை ஒன்பது நாள் முன்பே எழுதிக் கொடுத்தாள். அதை அழித்தவன் நான்.