கோல்மன் கழற்றிக் கொடுத்த ஹப்

மேல் பிரோத் ஊரின் கால்பந்து மைதானத்துப் புல்லை ஐந்து வருடமாக யோலாங்காதான் வெட்டிவருகிறாள். விடியுமுன் பேக்கரி வேனில் சுற்று வட்டார ஊர்களுக்கெல்லாம் ரொட்டி போட்டுவிட்டு வருவாள். ஒரு காபி குடித்த கையோடு மைதானத்து ஷெட்டைத் திறப்பாள். முன்னால் அந்த வேலையைப் பார்த்த ஷாண்டோர், ஆஸ்திரியாவில் ஓட்டல் வேலை கிடைத்துப் போகும்போது, "கொஞ்ச நாளைக்குப் பாத்துக்க" என்று சாவியைக் கொடுத்தவன்தான். பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

மூரா ஆற்றங்கரை மண் அது. மழை பெய்தால் ஒரு வாரத்துக்குக் காலடியில் புதையும். உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய மெஷினை இறக்கினால் சக்கரத் தடம் விழுந்து மைதானம் உழுத வயல் மாதிரி ஆகிவிடும். அதனால் பின்னால் நடந்தே ஓட்டுகிற மெஷின்தான். ஒரு முறை முழுவதும் வெட்டி முடிக்க அரை நாள் பிடிக்கும். யோலாங்காவுக்கு அதில் அலுப்பே இருந்ததில்லை. வெட்டி முடித்ததும் ஸ்பார்க் பிளக் மூடியைப் பிடுங்கிவிட்டு, காற்று ஃபில்டர் மேல்பக்கம் வரும்படி மெஷினைச் சாய்த்து, அடியில் அப்பியிருக்கும் ஈரப்புல்லை மரக்கரண்டியால் சுரண்டுவாள். பிளேடைத் தீட்டினால் நடு ஓட்டையில் ஆணியைக் கொடுத்துச் சுவரில் தொங்கவிடுவாள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்ப்பாள். இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்வரை விடமாட்டாள்.

அதனால்தான் மே மாதத்தில் ஒரு நாள் கைப்பிடியில் லேசான நடுக்கம் தெரிந்தவுடனே மெஷினை நிறுத்தினாள். வேறு யாராக இருந்தாலும் அந்த நடுக்கத்தோடு ஒரு மாதம் ஓட்டியிருப்பார்கள். பிளேடு சரியாக இருந்தது, போல்ட் இறுக்கமாக இருந்தது. பிளேடைக் கழற்றிய பிறகுதான் கோளாறு தெரிந்தது. எஞ்சின் தண்டோடு பிளேடைச் சேர்த்துப் பிடிக்கிற ஹப், உள்ளங்கை அகல வார்ப்புத் துண்டு, ஓரத்திலிருந்து நடு வரைக்கும் விரிசல் விட்டிருந்தது.

மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்த எண்ணைச் சொல்லி, நகரத்துக் கடையில் புது ஹப் வாங்கி வந்தாள். தண்டில் ஏற்றினால் லொடலொடவென்று ஆடியது. ஓட்டை பெரிசு.

கிளப் தலைவர் வெண்டெல் வந்து எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் எதிலும் அவசரம்.

"கொஞ்சம்தானே பெரிசா இருக்கு? ஒரு தகரத்தைச் சுத்தி உள்ள அடிச்சு ஏத்திடு."

"ஏத்தலாம். நீங்க முன்னால நில்லுங்க, நான் ஸ்டார்ட் பண்றேன்."

"எதுக்கு நான் முன்னால நிக்கணும்?"

"பிளேடு பறந்து வந்தா யார் மேல படும்னு பாக்கத்தான்."

வெண்டெல் இரண்டடி பின்னால் போனார். "சரி, அப்ப என்னதான் பண்றது? மழை விட்டுட்டு விட்டுட்டு பெய்யுது. புல்லு முழங்காலுக்கு வருது. ஞாயித்துக்கிழமை இங்க கீழ் பிரோத்தோட மேட்ச். சனிக்கிழமை சாயங்காலம் லீக் ஆளு வந்து அளப்பான். புல்லு நீளம்னு எழுதிட்டான்னா, ஆடாமலே ஜெயிப்பு அவங்களுக்குப் போயிடும். அவங்க மேல் லீக்குக்குப் போயிடுவாங்க."

"தெரியும்."

"என் வீட்டு மெஷினைக் கொண்டு வரட்டுமா?"

"அது பிளாஸ்டிக். இந்தப் புல்லுல பத்தடி போறதுக்குள்ள மூச்சு நின்னுடும்."

அவர் போன பிறகு யோலாங்கா தண்டின் குறுக்களவை எடுத்தாள். சீட்டில் இருக்கிற மாடலுக்கு இருக்கவேண்டிய தண்டைவிட இது ஒல்லி. உடலும் எஞ்சினும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. எஞ்சின் மூடியைக் கெரசின் துணியால் துடைத்தாள். புகையும் பிசுக்கும் போனதும் தகட்டில் பொறித்திருந்த எழுத்துகள் தெரிந்தன. முற்றிலும் வேறு எண். ஷாண்டோர் எப்போதோ பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு இதை மாட்டியிருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை, சீட்டையும் மாற்றவில்லை.

கடைக்குப் போன் போட்டு எஞ்சின் எண்ணைச் சொன்னதும் கடைக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. "இதான் சரியான நம்பர். ஆனா எங்ககிட்ட இல்ல, நாட்டுலயே இருக்காதுன்னு நினைக்கிறேன். இத்தாலிலேர்ந்து வரணும். பத்து நாளாவது ஆகும்."

வரவழைக்கச் சொல்லிப் போனை வைத்துவிட்டு அவள் ஷெட் வாசலில் உட்கார்ந்தாள். கலைந்த மேகத்துக்குக் கீழே புல் பளபளவென்று நின்றது. அப்போது வயலுக்கு அந்தப் பக்கம், கீழ் பிரோத் மைதானத்தில், மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. வாரா வாரம் கேட்கிற சத்தம்தான். இன்றைக்குத்தான் அதைக் காது கொடுத்துக் கேட்டாள். சுமை ஏறும்போது தொண்டையைச் செருமுவது போல ஒரு இறக்கம், உடனே ஒரு எழுச்சி. தன் மெஷினும் இதே மாதிரிதான் செருமும்.

அந்த மெஷினை ஓட்டுகிறவர் கோல்மன். கீழ் பிரோத்தின் மைதானக்காரர். மேட்ச் நாளில் எதிரணி கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தொண்ணூறு நிமிடமும் வாய் ஓயாமல் கேலி செய்வார். போன வருடம் யோலாங்காவின் மைதானத்தைப் பார்த்து, "இங்க முயல் வளர்க்கிறீங்களா, கால்பந்து ஆடுறீங்களா?" என்று ஊர் முழுக்கச் சிரிக்க வைத்தவர். அந்த மனிதரிடம் போய் நிற்க அவளுக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. விரிசல் விட்ட ஹப்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கோல்மன் ஷெட் வாசலில் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும், அகன்ற தோள், வெயிலில் சிவந்த கழுத்து.

"வழி தப்பிட்டீங்களா? ரொட்டி காலைலயே வந்துடுச்சே."

"ரொட்டிக்கு வரல. உங்க எஞ்சினைப் பாக்க வந்தேன்."

"உளவு பாக்கவா?"

"அஞ்சு வருஷமா குரலை மட்டும் கேட்டுக்கிட்டிருக்கேன். ஆளு எப்படின்னு ஒரு தடவையாவது பாக்க வேணாமா?"

அவர் வாயோரம் அசைந்தது. வழி விட்டார்.

உள்ளே நுழைந்த யோலாங்கா பேச வந்ததை மறந்துவிட்டாள். இந்த வட்டாரத்தில் தன்னைவிட நன்றாக மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் யாருமில்லை என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். இங்கே, சாய்த்து வைத்த மெஷினின் அடிப்பாகம் கழுவிக் கவிழ்த்த குண்டான் போல இருந்தது. வெட்டி முடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், ஒரு புல்லிழை கூட இல்லை. கம்பிகளில் எண்ணெய் தடவியிருந்தது. தேய்ந்துபோன பழைய பிளேடுகளைக்கூட அவர் தூக்கி எறியாமல் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார். ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தது. அப்படித் தேய வேண்டுமென்றால் ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கை ஒரே சீராகப் போயிருக்க வேண்டும். அவள் ஒரு பிளேடைத் தொட்டுப் பார்த்தாள்.

"எது வேணும்னு சொல்லுங்க," என்றார் கோல்மன், கொஞ்சம் தணிந்த குரலில்.

அவள் துணியைப் பிரித்து ஹப்பைக் கொடுத்தாள். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"கைப்பிடில ஒரு நடுக்கம் தெரிஞ்சுது. உடனே நிறுத்திட்டேன்."

"இத்தனூண்டு விரிசலுக்கு வர்ற நடுக்கமா? அது கைக்குத் தெரிஞ்சுதா?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க ஆளுங்களா இருந்தா பிளேடு போய்க் கோல் போஸ்டுல குத்தி நின்ன பிறகுதான் ஏதோ சரியில்லன்னு சொல்லுவானுங்க."

அவள் எஞ்சின் மாறிய கதையைச் சொன்னாள். அவர் தன் எஞ்சின் தகட்டைக் காட்டினார். அதே எண்.

"ஞாயித்துக்கிழமை உங்க ஊர்ல மேட்ச் நடக்கலைன்னா லாபம் எங்களுக்குத்தானே?"

"ஆமா."

"தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"தெரிஞ்சேதான்."

கோல்மன் விரிசல் விட்ட ஹப்பைப் பெஞ்சில் வைத்தார். பிறகு, "மெஷினைக் கேட்டா தரமாட்டேன்," என்றார். "அது கிளப் சொத்து. தெருவுல தள்ளிக்கிட்டுப் போனா எங்க தலைவர் இக்னாட்ஸ் ஜன்னல்லேர்ந்தே குதிப்பாரு. ஆனா இந்த ஹப்பு நான் என் கைக்காசுல வாங்கிப் போட்டது. எங்களுக்கு ரெண்டு வாரத்துக்கு இங்க ஆட்டம் இல்ல, உங்களுது வர்ற வரைக்கும் வெச்சுக்குங்க."

"உங்க ஆளுங்க திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்க. இந்த வருஷம் பசங்க நல்லா ஆடுறானுங்க, ஆடி ஜெயிக்கட்டும். புல்லு நீளமா இருந்துச்சு, அதனால ஜெயிச்சோம்னு நான் போய் யார்கிட்ட சொல்லிக்கிறது?"

இருவரும் குனிந்தார்கள். அவள் பிளக் மூடியைப் பிடுங்கினாள். அவர் சொல்வதற்கு முன்னாலேயே பிளேடு சுற்றாதபடி மரக்கட்டையை முட்டுக் கொடுத்தாள். போல்ட் சுலபமாக வந்துவிட்டது. ஹப் அசையவில்லை. எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த இடைவேளையில் கோல்மன் வெள்ளை ஒயினில் சோடா கலந்து இரண்டு கிளாஸ் கொண்டு வந்தார். மரப்பெஞ்சில் உட்கார்ந்து, ஈரத்தில் வெட்டினால் புல்லின் நுனி கிழிந்து மஞ்சளாவதைப் பற்றியும், ஷாண்டோரைப் பற்றியும் பேசினார்கள். மறுபடி தட்டியபோது ஹப் மெல்லக் கழன்று அவர் கையில் விழுந்தது. அவர் அதைத் துடைத்து அவள் கையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை யோலாங்கா மைதானத்தை உயரமாக வைத்து ஒரு முறை வெட்டினாள். அவ்வளவு உயரப் புல்லை ஒரே மூச்சில் ஒட்ட வெட்டினால் அடித்தண்டு வெளுத்துவிடும். வெண்டெலும் ஆட்டக்காரப் பையன்களும் வெட்டிய புல்லை வாரிக் குவித்தார்கள். சனிக்கிழமை தாழ்த்தி வைத்து, முன்பு போன திசைக்குக் குறுக்காக மறுபடி வெட்டினாள். கைப்பிடியில் ஒரு நடுக்கமும் இல்லை. சாயங்காலம் வந்த லீக் ஆள் நாலு இடத்தில் குனிந்து அளந்துவிட்டு, தலையாட்டிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை கோல்மன் வழக்கம்போல மேல் பிரோத் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று, கோல்கீப்பரின் மூக்கிலிருந்து அவன் மாமனாரின் பன்றித் தொழுவம்வரை எதையும் விடாமல் கேலி செய்தார். புல்லைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. இரண்டு ஊரையும் தள்ளிவிட்டு மூன்றாவதாக ஒரு ஊர் மேல் லீக்குக்குப் போயிற்று.

வம்பு அதற்குப் பிறகுதான் வந்தது. கீழ் பிரோத் மேலே போகவில்லை என்ற சந்தோஷத்தில் இருந்த வெண்டெல் மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் கோல்மனுக்காகக் கிளாஸைத் தூக்கினார். யாரோ ஏன் என்று கேட்டார்கள். அவரும் சொல்லிவிட்டார். மறுநாளே இக்னாட்ஸ் கோல்மனிடமிருந்து ஷெட் சாவியை வாங்கிக்கொண்டார்.

கீழ் பிரோத் மைதானத்தில் புல் வளரத் தொடங்கியது. மெஷின் ஹப் இல்லாமல் நின்றது. ஒரு காலை யோலாங்கா ரொட்டி இறக்கிக்கொண்டிருக்கும்போது இக்னாட்ஸ் வேன் பக்கத்தில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, தூக்கமில்லாத முகம்.

"எங்க ஊர்ப் பொருள் ஒண்ணு உங்ககிட்ட இருக்கு."

"இருக்கு. எனக்குப் புதுசு நேத்துதான் வந்துச்சு, மாட்டிட்டேன். இன்னைக்குத் திருப்பிக் கொடுக்கலாம்னு இருந்தேன்."

"குடுங்க, நானே மாட்டிக்கறேன்."

"எந்தப் பக்கம் மேல வரும்?"

இக்னாட்ஸ் ரொட்டிக் கூடையைப் பார்த்தார்.

"கோல்மன் கழட்டி என் கையில வெச்சது இது," என்றாள் யோலாங்கா. "அவர் கையிலதான் குடுப்பேன். நீங்க கோவிச்சுக்காதீங்க. அப்படி ஒருத்தர் எங்க ஊர்ல இருந்தா, நாங்க அவர்கிட்டேர்ந்து சாவியை வாங்கியிருக்க மாட்டோம். தினமும் அவர் வீட்டுக்கு ரொட்டி அனுப்பியிருப்போம்."

"எங்களுக்கு எதிரா வேலை செஞ்சாரும்மா அவரு."

"உங்க பசங்க எங்க ஊர்ல வந்து ஆடினாங்களே, எப்படி ஆடினாங்க?"

இக்னாட்ஸ் வேனிலிருந்து விலகினார். "நல்லாத்தான் ஆடினாங்க," என்று முனகிவிட்டுப் போனார்.

மதியம் அவர் கோல்மன் வீட்டுக்குப் போனார். கோல்மன் காரக் குழம்பும் ரொட்டியுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. தட்டு காலியாகும்வரை தலைவரை வாசற்படியிலேயே நிற்க வைத்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பிறகு சொன்னார்கள்.

சாயங்காலம் யோலாங்கா சைக்கிளைக் கீழ் பிரோத் மைதானத்து வேலியில் சாய்த்தபோது இருவரும் ஷெட் வாசலில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றிருந்தார்கள். அவள் ஹப்பை எடுத்துக் கோல்மன் கையில் வைத்தாள். துடைத்து எண்ணெய் தடவி வைத்திருந்தாள். அவர் விரலை உள் ஓட்டையில் விட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"நான் குடுத்தப்ப இருந்ததைவிட சுத்தமா இருக்கு," என்றார் இக்னாட்ஸுக்குக் கேட்கும்படி.

மாட்டி முடிக்க நேரமாகவில்லை. கயிற்றை ஒரே இழுப்பு; எஞ்சின் பிடித்துக்கொண்டது. கோல்மன் மைதானத்தின் ஓரத்திலிருந்து தொடங்கினார். அவசரமில்லாத நடை. முதல் வரிசை எதிர்க்கோடி வரைக்கும் நூல் பிடித்தது போல் போயிற்று. திரும்பி வந்த வரிசை அதன் விளிம்பை ஒரு சக்கர அகலம் மட்டும் தொட்டுக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு இழையும் தப்பவில்லை. யோலாங்கா இத்தனை வருடமாக மைதானம் மைதானமாகப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு நேராக யாரும் நடந்து அவள் பார்த்ததில்லை.

"நல்லா வெட்டுறாரா?" என்று பக்கத்தில் நின்ற இக்னாட்ஸ் கேட்டார். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

"என்னால இப்படி முடியாது," என்றாள் யோலாங்கா.

இக்னாட்ஸ் சட்டைப் பையிலிருந்து ஷெட் சாவியை எடுத்தார். பெஞ்சில் கிடந்த கோல்மனின் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு, தெருப்பக்கம் நடந்தார். யோலாங்காவுக்கு வீட்டில் வேலை கிடந்தது. ஆனாலும் பாதி மைதானம் முடியும்வரை வேலியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.